மாமா கொடுத்த பழைய கம்ப்யூட்டருக்கு ரேம் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து வீடுகளில் இருக்கும் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்கள் பலவும் கடையில் வாங்கியவை அல்ல. கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ லேப்டாப்புக்கு மாறும்போது, "சும்மாதான் கிடக்குது, பசங்களுக்கு ஆகும், எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிட்டவை. துணி மூட்டைக்கு நடுவே பஸ்ஸிலோ, இளநீர் இறக்கிவிட்டுத் திரும்பும் டெம்போவிலோ எல்லை தாண்டி வரும். வந்து ஒரு மாதம் ஆனதும் எனக்கு போன் வரும். நான் இங்கே தமிழ் மீடியம் பள்ளி வாத்தியார். கம்ப்யூட்டர் லேபும் என் தலையில் இருப்பதால் ஊர் கம்ப்யூட்டர்களுக்கும் நானே வைத்தியர் என்றாகிவிட்டது. ஒரே கேள்விக்குப் போனில் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

"சார், ரொம்ப ஸ்லோவா இருக்குதுங்க. ரேம் போட்டா சரியாயிடுங்களா?"

சிலருக்கு ஆகும், சிலருக்கு ஆகாது. காசு கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகத் திறப்பதையெல்லாம் திறந்து வையுங்கள்: பிரவுசரில் நாலைந்து டேப், ஒரு வேர்ட் ஃபைல், பையன் பார்க்கும் யூடியூப். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி (ரேமைத்தான் அப்படிச் சொல்கிறது) 85, 90 சதவீதத்தைத் தொட்டு நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதிதான் ஆகியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 என்று சிவந்து கிடக்கிறது என்றால் சுணக்கம் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அப்போது ரேமுக்குப் போடும் காசை, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான ஒரு சின்ன எஸ்எஸ்டிக்குப் போடுங்கள். ஆன் செய்துவிட்டு டீ வைத்துக் குடித்து வரும் நேரம் மிச்சமாகும்.

இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். நெல் காய வைக்கும் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். களம் சின்னதாக இருந்தால் பாதியை அள்ளிப் பத்தாயத்தில் போட்டுவிட்டு, தேவைப்படும்போது மறுபடி அள்ளிக்கொண்டு வர வேண்டும். ரேம்தான் களம், ஹார்ட் டிஸ்க்தான் பத்தாயம். ரேம் நிரம்பியதும் கம்ப்யூட்டர் இந்த அள்ளும் வேலையில் இறங்கிவிடும். சிபியூ பெட்டியின் முன்னால் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவது அதனால்தான்.

என்ன ரேம் போட வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கழற்றி, ஸ்டிக்கரைப் படியுங்கள். இதைச் செய்யாமல் கோயமுத்தூர் காந்திபுரத்துக்கு பஸ் ஏறாதீர்கள். "4 ஜிபி ரேம் ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் ஏதோ ஒன்றைக் கொடுப்பார். அது உங்கள் மதர்போர்டில் (பெட்டிக்குள் எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகை) ஏறுமா என்பதை அவர் எப்படிக் கண்டார்?

வகைகள் இவை. 2003 வாக்கில் டிடிஆர்2 வந்தது, 2007-ல் டிடிஆர்3, 2014-ல் டிடிஆர்4. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. டிடிஆர்2-க்கும் டிடிஆர்3-க்கும் 240 பின்தான். ஆனால் கீழ்விளிம்பில் இருக்கும் வெட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் இல்லை. மின்னழுத்தமும் வேறு: முந்தையதற்கு 1.8 வோல்ட், பிந்தையதற்கு 1.5. டிடிஆர்4-க்கு 288 பின், 1.2 வோல்ட். அதன் கீழ்விளிம்பு நேர்கோடாக இல்லாமல் நடுவில் லேசாகத் தொங்கியது போல் இருக்கும், கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்.

ஸ்டிக்கரில் வகைப் பெயரை நேராகப் போடாமல் பிசி2, பிசி3, பிசி4 என்று போட்டிருப்பார்கள். பிசி2 என்றால் டிடிஆர்2, மற்றவையும் அப்படியே. அதை அடுத்து வரும் எண்ணை வைத்து வேகத்தைச் சொல்லலாம். பிசி2-6400 என்றால் 800, பிசி3-10600 என்றால் 1333, பிசி3-12800 என்றால் 1600.

ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால் பிராசஸரை வைத்து ஊகிக்கலாம். கோர் 2 டுவோ, பழைய பென்டியம் டூயல் கோர் என்றால் டிடிஆர்2 அல்லது டிடிஆர்3. ஐ3, ஐ5 வகையில் இரண்டாம் தலைமுறை முதல் நான்காம் தலைமுறை வரை டிடிஆர்3. ஆறாம் தலைமுறையிலிருந்து பெரும்பாலும் டிடிஆர்4. தலைமுறை என்பது நாலு இலக்க மாடல் எண்ணின் முதல் இலக்கம்: ஐ3-2100 இரண்டாவது, ஐ3-3220 மூன்றாவது. விண்டோஸுக்குள் போக முடிந்தால் சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். அதன் எஸ்பிடி பக்கத்தில் எந்த ஸ்லாட்டில் (ரேம் மாட்டும் பள்ளம்) என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும்.

கழற்றியதை போனில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டில் அச்சடித்திருக்கும் மாடல் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பழைய ரேமையே ஒரு காகிதக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் கொண்டு போங்கள். "இது மாதிரி" என்று காட்டுவதற்கு ஈடு எதுவும் இல்லை.

எவ்வளவு வரை போடலாம்?

அதைத் தீர்மானிப்பது மதர்போர்டு. நம் பக்கம் அதிகம் தட்டுப்படும் அஸெம்பிள் செய்த பெட்டிகளில் மூன்று வகை போர்டுகள் உண்டு. ஜி31 சிப்செட் என்றால் டிடிஆர்2, மொத்தம் 4 ஜிபியோடு சரி. ஜி41 என்றால் 8 ஜிபி வரை. போர்டைப் பொறுத்து டிடிஆர்2 அல்லது டிடிஆர்3. ஹெச்61 என்றால் டிடிஆர்3, இரண்டு ஸ்லாட், 16 ஜிபி வரை.

பிள்ளைகளின் பாடத்துக்கும் வீட்டுக் கணக்குக்கும் 4 ஜிபி தள்ளாட்டம், 8 ஜிபி தாராளம். பழைய பெட்டியில் அதற்கு மேல் போடுவது வீண் என்பது என் எண்ணம். வீடியோ எடிட்டிங் செய்ய வேண்டும் என்றால் இந்தப் பெட்டியே வேண்டாம்.

ரேம் வகை சரி, வெட்டும் பொருந்துகிறது, ஆனாலும் டிஸ்ப்ளே வரவில்லை. ரேம் கெட்டதா?

கெட்டதாக இருக்க வேண்டியதில்லை. இதில் நானே ஒரு தடவை காசு விட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் பெட்டி, ஜி41 போர்டு, டிடிஆர்3. கோயமுத்தூரில் ஒரு கடையில் 4 ஜிபி ரேம் புதிதாக வாங்கி வந்தேன். வகை சரி, வேகம் சரி, டக்கென்று உட்கார்ந்தது. ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் கறுப்பு. பழையதைப் போட்டால் ஓடுகிறது. புதியதை ஸ்கூல் லேபில் ஹெச்61 பெட்டியில் போட்டேன், அங்கே ஜம்மென்று ஓடுகிறது! பாதி ராத்திரி வரைக்கும் ஸ்லாட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா இரண்டு தடவை காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

விஷயம் சிப் எண்ணிக்கையில் இருந்தது. பழைய 2 ஜிபி ரேமில் ஒரு பக்கத்துக்கு எட்டு என்று பதினாறு கறுப்பு சிப். நான் வாங்கிய 4 ஜிபியில் ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப், மறுபக்கம் மொட்டை. 4 ஜிபியை எட்டு சிப்பில் அடக்கினால் ஒரு சிப்பில் அரை ஜிபி. பதினாறில் அடக்கினால் ஒரு சிப்பில் கால் ஜிபி. ஜி41-க்கு ஒரு சிப்பில் கால் ஜிபி வரைதான் கணக்கு தெரியும். அதற்கு மேல் அடர்த்தியாக இருந்தால் முழிக்கும். இரண்டாம் தலைமுறை ஐ3-யிலிருந்து இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே ஜி41 வைத்திருப்பவர்கள் கடையில், "ரெண்டு பக்கமும் சிப் இருக்கற 4 ஜிபி, மொத்தம் பதினாறு சிப்" என்று கேளுங்கள். ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்8 என்று இருக்கும். 1ஆர்எக்ஸ்8 என்றிருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். புதிதாக வருபவற்றில் ஒரு பக்க ரேம்தான் அதிகம் என்பதால் பழையதாகத் தேட வேண்டியிருக்கும். அந்தக் கடைக்காரர் மாற்றிக் கொடுக்கவில்லை. "ஓடுற ரேம் தானுங்களே சார்" என்றார். அவர் சொன்னதும் பொய் இல்லை.

இன்னொரு கண்ணி: ஆன்லைனில் 4 ஜிபி ரேம் சந்தேகப்படும் அளவுக்கு மலிவாகக் கிடைத்தால், "ஏஎம்டி மட்டும்" என்று பொடி எழுத்தில் எங்காவது போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். சிப்புகளின் அமைப்பு வேறு என்பதால் அது ஏஎம்டி போர்டுகளில்தான் ஓடும், இன்டெல் போர்டில் ஓடாது. பழைய சர்வரிலிருந்து கழற்றிய ரேமும் அப்படித்தான். ரெஜிஸ்டர்டு என்று எழுதியிருந்தால் வீட்டு டெஸ்க்டாப்பில் வேலை செய்யாது.

பழைய 2 ஜிபியோடு புதிய 4 ஜிபியைச் சேர்த்துப் போடலாமா?

போடலாம். கம்பெனி வேறாக இருந்தாலும் பெரும்பாலும் ஓடும். வேகம் வேறுபட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். 1600-ம் 1333-ம் சேர்ந்தால் 1333. ஒரே அளவில் இரண்டு போட்டால் போர்டு இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் எடுக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டிகளில் அந்த வித்தியாசம் கொஞ்சம் தெரியும். நாலு ஸ்லாட் இருந்தால் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டில் போடுங்கள்.

4 ஜிபி போட்டேன், 3 சொச்சம்தான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை, உங்கள் விண்டோஸ் 32 பிட். 32 பிட்டில் எண்ணக்கூடிய முகவரிகள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதுதான் 4 ஜிபி. அதிலும் ஒரு பங்கை கிராஃபிக்ஸ் முதலான பாகங்களுக்கு ஒதுக்கிவிடும், மிச்சம் மூன்றோ மூன்றரையோதான் நமக்கு. 8 ஜிபி போட்டாலும் அதே மூன்று சொச்சம்தான். 64 பிட் விண்டோஸை முதலிலிருந்து நிறுவ வேண்டும், இருப்பதன் மேலேயே மாற்ற முடியாது. அதனால் முதலில் போட்டோக்களை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கோர் 2 டுவோவே 64 பிட் தாங்கும், பயப்பட வேண்டாம்.

நானே மாட்டலாமா? ஷாக் அடிக்குமா?

மாட்டலாம். மிக்ஸி ஜாரில் பிளேடு மாற்றத் தெரிந்தவருக்கு இது சுலபம். ஆஃப் செய்து, பவர் வயரைப் பின்னாலிருந்து உருவி, பிறகு பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

ஷாக் நமக்கு அடிப்பதைவிட நம்மிடமிருந்து ரேமுக்கு அடிப்பதுதான் ஆபத்து. தை, மாசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறட்டு வறட்டென்று வீசும்போது பாலியஸ்டர் சட்டையைக் கழற்றினால் படபடவென்று பொரியும் அல்லவா? அந்த மின்சாரம் ரேம் சிப்பைக் கொன்றுவிடும். பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியின் பெயின்ட் அடிக்காத இரும்பைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ரேமை ஓரத்தில் பிடியுங்கள், தங்க நிறப் பற்களில் விரல் படக்கூடாது.

பெட்டியைப் படுக்க வைத்துப் பக்கவாட்டுத் தகட்டை எடுங்கள். உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. போன மாதம் கோபாலபுரத்தில் ஒரு வீட்டில் திறந்தேன். ஃபேனைச் சுற்றி ஆடிக் காற்றில் வந்த செம்மண் கம்பளி மாதிரி படிந்திருந்தது. ரேம் ஸ்லாட்டின் மூலையில் மூன்று பல்லி முட்டை, அதில் ஒன்று பொரிந்த ஓடு. அந்த வீட்டு அப்புச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "வெதுவெதுப்பா இருக்கறதால அங்க போய் வெச்சிருக்குதப்பா" என்றார். பெயின்ட் பிரஷ்ஷாலும் ப்ளோயராலும் தூசியைத் தட்டினோம். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்ற விடக்கூடாது.

ஸ்லாட்டின் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் பழைய ரேம் எழும்பும். சில போர்டுகளில் கிளிப் ஒரு முனையில் மட்டும்தான் இருக்கும். புதியதன் வெட்டை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்து நேராக அழுத்துங்கள். உடைந்துவிடுமோ என்று எல்லோரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு வரும் போன்களில் பல இந்தப் பாதி அழுத்தத்தால் வருபவைதான். கிளிப் தானாக "டக்" என்று மூடிக்கொள்ளும் வரை அழுத்துங்கள். உட்காரவே மாட்டேன் என்றால் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது வகை வேறு.

மாட்டியதும் பீப் பீப் என்று அலறுகிறது.

ரேமைப் பார்க்க முடியவில்லை என்று போர்டு சொல்கிறது, வேறொன்றுமில்லை. கழற்றுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் தங்கப் பற்களை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். துகளைத் துடைத்துவிட்டுத் திரும்ப அழுத்தி மாட்டுங்கள். மை அழிக்கும் சொரசொர ரப்பர் வேண்டாம், அது முலாமையே உரித்துவிடும். வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். பழையதை மட்டும் ஒரு தடவை, புதியதை மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கோபாலபுரத்துப் பெட்டியில் ரேமே வாங்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஸ்டிக்கில் ஒன்று அழுக்கால் தொடர்பு விட்டுப்போயிருந்தது. ரப்பர் தேய்த்ததும் 2 ஜிபி 4 ஆனது. செலவு, ஒரு ரப்பர்.

பீப் இல்லாமல் "மெமரி அளவு மாறியிருக்கிறது" என்று ஆங்கிலத்தில் எழுதி நின்றால் பயப்படாதீர்கள். பிராண்டட் பெட்டிகள் சில அப்படிச் சொல்லும். எஃப்1 அழுத்தினால் போய்விடும். ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம் பின்னால் போய் நின்றால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. எப்படியும் திறந்தாயிற்று, அதையும் மாற்றிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்கலாமா?

டிடிஆர்2, டிடிஆர்3 என்றால் அதுதான் புத்திசாலித்தனம். ரேமில் தேயும் பாகம் எதுவும் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கை வாங்கத் தயங்குவேன், பழைய ரேமுக்குத் தயங்க மாட்டேன். ஒரு வாரமாவது மாற்றிக்கொடுக்கும் வாரண்டி கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள். விலையை இங்கே எழுதவில்லை, அது நிலையாக நிற்பதில்லை. இரண்டு கடையில் கேட்டால் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசச் சோதனையை ஒரு பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஒரு சிவப்பு வரி இருந்தாலும் ஸ்லாட்டை மாற்றி இன்னொரு தடவை ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் திருப்பிக் கொடுங்கள். "ஒண்ணு ரெண்டு எர்ரர் பரவால்லைங்க" என்று கடைக்காரர் சொல்லலாம். ஒன்று கூடப் பரவாயில்லை கிடையாது.

கோயமுத்தூரில் வாங்கிக் கேரளாவுக்குக் கொண்டு வந்தால் செக்போஸ்ட்டில் வரி கேட்பார்களா?

பெரியவர்கள் இன்னமும் இதைக் கேட்கிறார்கள், வாளையாறில் லாரிகள் மைல் கணக்கில் நின்ற காலம் மனதில் இருக்கிறது. 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்த பிறகு விற்பனை வரி செக்போஸ்ட்டுகள் எடுக்கப்பட்டுவிட்டன. ஒரு ரேமை யாரும் எந்தக் காலத்திலும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

லேப்டாப் ரேமை டெஸ்க்டாப்பில் போடலாமா?

முடியாது. அது நீளத்தில் பாதி. மானிட்டரும் சிபியூவும் ஒன்றாக இருக்கும் ஆல் இன் ஒன் பெட்டிகள் பலவற்றிலும் உள்ளங்கையளவு மினி பெட்டிகளிலும் மட்டும் லேப்டாப் ரேம்தான் வரும்.

ரேம் போட்டால் விண்டோஸ் 11 ஏறுமா?

ரேம் அதற்கு 4 ஜிபியே போதும். தடை ரேம் இல்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. மாமா கொடுத்த பெட்டிக்கு இரண்டும் இருக்காது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே.

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். கேரளப் பள்ளிகளில் தமிழ் மீடியத்திலும் ஐடி ஒரு பாடம், எஸ்எஸ்எல்சிக்கு செய்முறைத் தேர்வும் உண்டு. லேபில் அவர்கள் பழகுவது கேரள அரசின் கைட் நிறுவனம் தரும் உபுண்டு அடிப்படையிலான இயங்குதளம்: லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா. வீட்டிலும் அதே இருந்தால் தேர்வுக்கு முந்தைய வாரம் "சார் லேப் சாவி" என்று என் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டாம். 4 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் நன்றாகவே ஓடும். 2 ஜிபிதான் என்றால் லுபுண்டு மாதிரி இலகுவான ஒன்றைப் போடலாம், பிரவுசரில் டேப்களை மட்டும் அளவாகத் திறக்க வேண்டும்.

எந்தப் பெட்டிக்குச் செலவே செய்யக்கூடாது?

பென்டியம் 4-க்கு. ஜி31 போர்டுக்கும் பழைய ரேம் இனாமாகக் கிடைத்தால் போடுங்கள், காசு கொடுத்து வேண்டாம். போர்டில் உருளை கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் எந்தப் பெட்டிக்கும் வேண்டாம். அது நாளையோ மறுநாளோ போகப் போகிறது.

ஐப்பசி இடி மழையில் ரேம் போய்விடுமா?

ரேம் மட்டுமா, போர்டே போகும். துலா மாத மழை மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவ வேண்டும். மோடத்திலிருந்து வரும் நெட் கேபிளையும் சேர்த்து உருவுங்கள். மின்சார வயரை மட்டும் உருவிவிட்டு அதை மறந்து, போர்டைப் பறிகொடுத்த வீடு எங்கள் தெருவிலேயே உண்டு.

கழற்றிய பழைய ரேமை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். புதியது மக்கர் செய்தால் சோதித்துப் பார்க்க அதுதான் கைகொடுக்கும். வீட்டில் வைக்க இடமில்லை என்றால் ஸ்கூலில் கொண்டு வந்து கொடுங்கள். என் மேசை டிராயரில் ஒரு மைசூர்பாகு டப்பா இருக்கிறது. அதில் டிடிஆர்2 ஒன்பது, டிடிஆர்3 நாலு கிடக்கின்றன. பதினாறு சிப் உள்ள 4 ஜிபி மட்டும் ஒன்று கூட இல்லை, அக்காவின் பெட்டி இன்னும் 2 ஜிபியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.